அப்பாவின் பல்செட்டும் பொங்கல் பந்தியும்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மேலும் கீழும் முழுப் பல்செட் போட்டு மூன்று வாரம் ஆகிறது. பொங்கலுக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது. திருப்பூரிலிருந்து இரவு பஸ் பிடித்து, கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போவோம். தைப்பொங்கல் வீட்டில். காணும் பொங்கலன்று குலதெய்வம் கோயிலில் என் ஐந்து வயது மகனுக்குக் காதுகுத்து, கிடாவெட்டு. அப்பா இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை. "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்று அறைக்குள் போய், செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரசஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறார். கீழ் செட் ஆடுகிறது, ஒரு பக்கம் புண் என்கிறார். ஊருக்கே வரவில்லை என்று இப்போது ஆரம்பித்திருக்கிறார். தாத்தா பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று மகன் சொல்லிக்கொண்டு திரிகிறான். என்ன செய்யலாம்?
வாசகி, திருப்பூர்

பல் மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடலாம். முழுப் பல்செட்டில் ஓரளவு நிம்மதியாக மென்று சாப்பிட ஆறிலிருந்து எட்டு வாரம் பழக வேண்டும். அப்பாவுக்கு மூன்று வாரம் முடிந்திருக்கிறது, பொங்கல் வரும்போது ஏழு ஆகிவிடும். ஆக நாள் நம் பக்கம்தான். ஆனால் அந்தக் கணக்கு, செட் வாய்க்குள் இருந்தால்தான் ஓடும். சட்டைப்பையில் கிடக்கிற செட்டுக்கு ஏழாவது வாரமும் முதல் வாரம்தான்.

இன்னொன்று. அப்பாவுக்கென்று தனியாகக் குழைத்து மசித்து ஒரு கிண்ணத்தில் கொடுக்கும் யோசனை உங்களுக்கு வந்திருந்தால் விட்டுவிடுங்கள். தனிக் கிண்ணம் வந்தால் பின்னாலேயே தனி அறையும் வந்துவிடும். எல்லாருக்கும் வைக்கிற அதே இலைதான் அவருக்கும். எதை எப்படிச் சமைப்பது, எதை எப்படி வாயில் வைப்பது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

புண்ணுக்கு வருவோம். இந்த வாரமே செட் செய்து கொடுத்த மருத்துவரிடம் போங்கள். புதுச் செட் ஈறை அழுத்திப் புண்ணாவது ஏறக்குறைய எல்லாருக்கும் நடப்பதுதான். அழுத்துகிற இடத்தில் செட்டைக் கடுகளவு தேய்த்துவிட்டால் பெரும்பாலும் சில நாளில் ஆறிவிடும். வலிக்கிறது என்று நாலு நாள் கழற்றி வைத்துவிட்டு, ஐந்தாம் நாள் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போவதுதான் பலரும் செய்யும் தவறு. அதற்குள் புண் ஆறியிருக்கும், எங்கே தேய்ப்பது என்று மருத்துவருக்குத் தெரியாது. போகிற நாளில் மூன்று நான்கு மணி நேரமாவது போட்டிருந்து, முடிந்தால் அதிலேயே இரண்டு இட்லியை மென்றுவிட்டுப் போகட்டும். சிவந்த இடமே காட்டிக்கொடுத்துவிடும். அதுவரை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளித்துத் துப்பட்டும்.

வீட்டில் உப்புத்தாள், பிளேடு, நகவெட்டியில் இருக்கும் அரம் எதையும் செட்டின் மேல் வைக்கக் கூடாது. கைவேலை தெரிந்த பெரியவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள். ஓரத்தில் இடம் தவறித் தேய்த்தால் பிடிப்பு போய்விடும், தேய்த்ததைத் திரும்ப ஒட்டவைக்க வீட்டில் வழியில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் புண் ஆற இன்னும் சில நாள் கூட ஆகலாம். ஆனால் செட்டைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் நிற்கிற புண்ணை, வலி இல்லாவிட்டாலும், வாயைத் திறந்து காட்டியே ஆகவேண்டும். வெற்றிலை பாக்கோ புகையிலையோ போட்ட வாய் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

கீழ் செட் ஆடுவதற்கும் காரணம் இருக்கிறது. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுகிறது. இடையில் மெல்லிய எச்சில் படலம், ஓரத்தில் காற்றுப் புகாத அடைப்பு. நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொள்கிற மாதிரி அது பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டுக்கு இந்த வசதி கிடையாது. லாட வடிவம், உட்காரக் கிடைக்கும் இடமும் மேலே இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். போதாக்குறைக்கு நடுவில் நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நாக்கையே காவலுக்கு வைப்பதுதான் வித்தை. பேசாமல் மெல்லாமல் இருக்கும் நேரத்தில் நாக்கின் நுனி கீழ் முன்பற்களின் உட்புறத்தைத் தொட்டபடி இருக்கட்டும். புதிதாகச் செட் போட்டவர்கள் பயத்தில் நாக்கைத் தொண்டைப் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார்கள், உடனே கீழ் செட் மிதக்கும். கண்ணாடி முன்னால் நின்று நாளைக்கு ஐந்து நிமிடம் பழகினால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

அதற்குப் பிறகும் தூக்கினால் தாடை எலும்பு வற்றியிருக்கலாம். பல் எடுத்த முதல் வருடத்தில்தான் அது வேகமாகக் கரையும். மருத்துவர் செட்டின் உட்புறம் ஒரு அடுக்கு ஏற்றிக் கொடுப்பார், ரீலைன் என்பார்கள். விசேஷ நாளுக்கு மட்டும் செட் ஒட்டும் பசை வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. கழுவி ஈரம் ஒற்றிய செட்டில் பட்டாணி அளவுக்கும் குறைவாக மூன்று புள்ளி போதும். ஓரத்தில் வைக்காதீர்கள், பிதுங்கி வழியும். துத்தநாகம் சேர்க்காதது என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். நாளைக்கு ஒருமுறைக்கு மேல், அதுவும் நிறைய, வைக்கவேண்டியிருந்தால் செட் பொருந்தவில்லை என்று அர்த்தம். பசையைக் கூட்டிப் பயனில்லை.

இனி மெல்லுவது. சொந்தப் பல்லின் கடிபலத்தில் நாலில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் செட்டுக்கு இருக்கும். முன்பல்லால் கடித்து இழுத்தால் செட்டின் பின்பக்கம் அண்ணத்தை விட்டு விடுபட்டு மொத்தமாகக் கீழே வரும். ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும். ஆகவே முன்பல் சிரிக்கவும் பேசவும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவைச் சிறிதாக்கி, இரண்டு கடைவாயிலும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, மேலும் கீழுமாக மெல்ல வேண்டும். மாடு அசைபோடுவது போலப் பக்கவாட்டில் அரைக்கக் கூடாது.

முதல் பாடத்துக்கு வேகவைத்த கேரட் நல்லது. சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகள், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. அப்பாவைத் தனியாக உட்கார வைக்காமல் பேரனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவனுக்கும் இரண்டு துண்டு. இந்த வாரம் இட்லி, ஆப்பம், இடியாப்பம், முட்டை, வெந்த காய். அடுத்த வாரம் ஊத்தப்பம், பொரியல், முள் எடுத்த மீன். மூன்றாவது வாரம் மெதுவடையும் கொத்துக்கறியும். சப்பாத்தி மெத்தென்று இருக்கிறதே என்று முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள். அது இழுபடும், செட்டையும் கூட இழுத்து வரும்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் செட் போட்டவருக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது, கை. பிசையும்போதே பருக்கை மசிந்துவிடும். கவளத்தைப் பாதியாக்கலாம், எலும்போ முள்ளோ கல்லோ விரலில் தட்டுப்பட்டுவிடும். நாசூக்காக இருக்கட்டும் என்று ஸ்பூனைக் கொடுத்து இதைக் கெடுக்க வேண்டாம்.

ரசஞ்சோறும் கஞ்சியுமாகவே ஓட்டுவதில் இன்னொரு சிக்கல். கரைத்த சோறு சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும், பயறும் முட்டையும் காயும் குறைந்துபோகும். தவிர, செட் அண்ணத்தை மூடியிருப்பதால் முதல் சில வாரம் எதைச் சாப்பிட்டாலும் சப்பென்று இருக்கும். ருசி மொட்டு பெரும்பாலும் நாக்கில்தான் என்பதால் நாளாக ஆக ருசி திரும்பிவிடும். அதுவரை ஊறுகாயும் உப்பும் கூடுதலாகக் கேட்பார், பிரஷர் இருப்பவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், இஞ்சி, கொத்தமல்லி, மிளகு சேருங்கள்.

அண்ணம் மூடியிருப்பதில் நிஜமான ஆபத்து சூடுதான். வாய்க்குள் சூடு உறைக்காமல், தொண்டையில் இறங்கிய பிறகுதான் தெரியும். பொங்கல் பானையிலிருந்து நேராக இலைக்கு வருகிற சர்க்கரைப் பொங்கல், அதன் மேல் காய்ச்சிய நெய், பாயசம், காபி, இந்த நாலும்தான் புதுச் செட்காரர்களின் தொண்டையைச் சுடுவது. உதட்டில் தொட்டுப் பார்த்துவிட்டு வாயில் விடச் சொல்லுங்கள், உதடு பொய் சொல்லாது. காபியை டபராவில் நன்றாக ஆற்றிக் கொடுங்கள்.

பொங்கல் இலைக்கு வந்தால், மொச்சையில் ஆரம்பிக்கலாம். மொச்சைத் தோல் வழுக்கிக்கொண்டு செட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஒவ்வொரு கடிக்கும் ஈறில் குத்தும். இதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே வழி இருக்கிறது, பிதுக்குப் பருப்பு. முதல் நாள் இரவே மொச்சையை ஊறப்போட்டு, காலையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்கினால் பருப்பு துள்ளி வெளியே விழும். தை மாதத்துப் பச்சை மொச்சை என்றால் இன்னும் சுலபம். அரைக் கிலோ பிதுக்க ஒரு ஆளுக்கு நேரம் பிடிக்கும். அப்பாவையும் பேரனையும் முற்றத்தில் ஒரு தாம்பாளத்தோடு உட்கார வைத்துவிடுங்கள். குழம்பு எல்லாருக்கும் ஒன்றுதான், யாருக்காகப் பிதுக்கினோம் என்று யாருக்கும் தெரியாது.

அதே குழம்பில் பூசணி, சர்க்கரைவள்ளி, சேனை எல்லாம் தானாகக் குழையும். அவரைக்காயை நார் எடுத்துப் பொடியாக நறுக்குங்கள். கத்தரிக்காயின் விதையும் தக்காளித் தோலும் செட்டுக்கு ஆகாது, பிஞ்சாகப் பார்த்து வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முருங்கைக்காயை முன்பல்லில் வைத்து இழுக்கிற பழக்கம் அப்பாவுக்கு ஐம்பது அறுபது வருடப் பழக்கமாக இருக்கும், கை தானாகப் போய்விடும். சமைக்கும்போதே கொஞ்சத்தைத் தனியாக வேகவைத்து, கரண்டியால் சதையை வழித்துக் குழம்பில் சேர்த்துவிடுங்கள். கறிவேப்பிலையை அரைத்துவிடலாம், முழு இலை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இருமலைக் கிளப்பும். வெண்பொங்கலில் மிளகைப் பொடித்துப் போடுங்கள், முந்திரியை உடைத்து நெய்யில் வறுத்துப் பாலில் ஐந்து நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள். பொங்கல் களிபோல இறுகிவிட்டால் பசையாகப் பிடித்துக்கொண்டு கீழ் செட்டைத் தூக்கும். ஒரு கரண்டி சூடான பால் விட்டுத் தளர்த்துங்கள்.

வடையில் மெதுவடைதான். பருப்பு வடையின் மொறுமொறுப்பும் அரைபடாத கடலைப் பருப்பும் இந்தப் பொங்கலுக்கு வேண்டாம். அப்பளத்தைக் கையால் நொறுக்கிச் சாம்பார் சோற்றில் போட்டு அரை நிமிடம் விட்டால் பதமாகிவிடும். முழு அப்பளத்தைக் கடித்தால் உடையும் கூர்முனை ஈறைக் கீறும்.

முறுக்கு இல்லாமல் பொங்கலா என்பார். கை முறுக்கு வேண்டாம். தேன்குழல், வெண்ணெய் சேர்த்த முள்ளு முறுக்கு இரண்டும் வாயில் கரையும். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு. வெண்ணெய் வழக்கமாகக் கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி போடுவீர்கள் என்றால் ஒன்றரை போடுங்கள். அதற்கு மேல் போனால் எண்ணெயில் பிரிந்துவிடும். எள்ளை இந்த முறை விட்டுவிட்டு ஓமத்தைத் தூளாக்கிப் போடுங்கள், எள் ஒன்று அடியில் போனாலும் போதும், அன்றைக்கு முழுக்க நரகம். அதிரசம் பாகு பிடித்து இழுக்கும், சின்னத் துண்டாகக் கிள்ளி இரண்டு பக்கமும் வைத்து மென்றால் சமாளிக்கலாம், சர்க்கரையை நினைத்து ஒரு துண்டோடு சரி.

கரும்பை இழுத்துக் கடித்தால் செட் கையோடு வரும், பல் தெறித்தாலும் ஆச்சரியமில்லை. சாறு பிழிந்து எல்லாரும் கால் டம்ளர் குடிக்கலாம், அப்பாவுக்கு இரண்டு வாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள், அதன் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் பல்செட்டுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. வெல்லப்பாகு பிடித்து இழுக்கும், உடைந்த கடலை அடியில் போய்க் குத்தும். பொடித்தாலும் அதே கதைதான். பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கிறதே, அதில் ஒரு டீஸ்பூன் கொடுங்கள்.

இப்போது பந்தி. உங்கள் அப்பா ஒதுங்குவதற்கு முக்கால்வாசிக் காரணம் பல்லைவிட அவசரம்தான் என்பது என் கணிப்பு. பந்தியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி அடுத்த ஆள் நிற்பார். செட் போட்ட புதிதில் அதே இலைக்கு அரை மணி நேரம் வேண்டும். நடுவில் எழுந்துவிட்டால் அரை வயிறு, உட்கார்ந்திருந்தால் எல்லார் கண்ணும் தன் வாய் மேல்தான் என்ற எண்ணம். வீட்டுப் பொங்கலன்று இலையைப் போட்டதும் அப்பாவை முதலில் உட்கார வையுங்கள், மற்றவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வரட்டும். கோயில் விருந்தில் கடைசிப் பந்தி, வரிசையின் ஓரத்து இலை. ஒரு பக்கம் பேரன், மறு பக்கம் நீங்கள். ஐந்து வயதுப் பையன் எப்படியும் அரை மணி நேரம் சாப்பிடுவான், அவனைவிட நல்ல துணை கிடையாது. நீங்களும் கடைசி மோர்ச் சோற்றை வைத்துக்கொண்டு இழுத்தடியுங்கள். "பல்லு சரியா இருக்காப்பா?" என்று மட்டும் பந்தியில் கேட்டுவிடாதீர்கள். ஏதாவது அடியில் போய்விட்டால் இடது கையால் வாயை மூடிக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீரை உள்ளேயே அலசி விழுங்கினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் கை கழுவும் இடத்துக்குப் போய்க் கழற்றிக் கழுவலாம்.

இலை ஓரத்தில் மட்டும் கழற்றி வைக்கவே கூடாது. செட் தொலைவதில் பாதி இப்படித்தான்: இலையோடு மடித்து எறிந்துவிடுவது, டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்ததை யாரோ குப்பை என்று எடுத்துப் போடுவது. சட்டைப்பையும் அதே வகைதான், குனிந்தால் விழும், துவைக்கப் போனால் போகும். நாய் வளர்க்கிற வீடாக இருந்தால் செட்டைத் திறந்து எங்கேயும் வைக்காதீர்கள், வாசம் பிடித்துக் கடித்துப் போட்டுவிடும்.

பஸ் பயணத்துக்கு ஒரு சின்னப் பை போதும். மூடி இறுகுகிற டப்பா, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், மென்மையான பிரஷ், சின்னக் கண்ணாடி, பசை. பழைய செட் இருந்தால் அதுவும். இதைத் தோள்பையில் வைக்க வேண்டும், டிக்கியில் போகிற பெட்டியில் வேண்டாம். வாந்திக்கு மாத்திரை போடுகிற வழக்கம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். அந்த மாத்திரைகளில் பல எச்சிலை வற்றவைக்கும், சில பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். எச்சில் வற்றினால் மேல் செட்டின் பிடிப்பும் போய்விடும். "நேத்து நல்லா இருந்துச்சு, இன்னிக்கு ஆடுது" என்று அவர் சொல்வார், செட் மாறியிருக்காது, வாய்தான் காய்ந்திருக்கும். கால் மணிக்கு ஒருமுறை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கட்டும். மாத்திரை எதையும் தானாக நிறுத்தவோ புதிதாகச் சேர்க்கவோ வேண்டாம், சர்க்கரைக்கு மருந்து கொடுக்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்தால் முதல் வேலை செட்டைக் கழற்றி டப்பாவில் போடுவது. ஜன்னல் வழியாக வாந்தியோடு போன செட்டை நெடுஞ்சாலையில் தேட முடியாது.

விருதுநகரில் பஸ் நின்றால் எண்ணெய்ப் பரோட்டா வாசனை ஆளை இறக்கிவிடும். மொறுமொறு ஓரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு, நடுப்பகுதியைப் பொடியாகப் பிய்த்துச் சால்னாவில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அப்பாவுக்குக் கொடுங்கள். தூங்குவதற்கு முன் செட் டப்பாவுக்குள் தண்ணீரில் போய்விட வேண்டும். பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கும்போது கழன்று விழலாம்.

வீட்டிலும் இரவில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஈறுக்கு ஓய்வு வேண்டும். கழற்றாமல் தூங்கினால் அண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சுலபமாக. ஜப்பானில் 85 வயதைத் தாண்டியவர்களைக் கவனித்த ஒரு ஆய்வு 2015ல் வெளியானது. அதில் செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் இரண்டு மடங்குக்கும் கூடுதலாக இருந்தது. கழற்றிய செட் காயக் கூடாது, தண்ணீரில் கிடக்கட்டும். கொதிக்கிற தண்ணீர் பட்டால் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் வளைந்துவிடும். பற்பசையில் இருக்கும் அரைப்பொடி கீறல் போட்டு, கீறலில் அழுக்கு சேரும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, மென்மையான பிரஷ், சாதாரணத் தண்ணீர், அவ்வளவுதான். கழுவும்போது கீழே ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், அல்லது தொட்டியில் ஈரத்துண்டை விரித்துக்கொள்ளுங்கள். ஊர் வீட்டுச் சிமெண்டுத் தளத்தில் விழுந்தால் இரண்டாகிவிடும். அப்படி உடைந்தால் சூப்பர் குளூ போட்டு ஒட்டாதீர்கள். மில்லிமீட்டர் பிசகினாலும் கடி மாறிவிடும், ஒட்டிய இடம் ஈறை அறுக்கும். சின்னச் சில்லு உட்பட எல்லாத் துண்டையும் பொறுக்கி வைத்தால், பெரும்பாலும் லேபில் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். ஆனால் பொங்கலை ஒட்டி மூன்று நாலு நாள் லேபுகள் பூட்டியிருக்கும். ஆகவே கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். புதிதாக அழுத்துகிற இடம் ஏதும் இருந்தால் ஆற அவகாசம் இருக்கும். செட்டில் பெயர் பதித்துக் கொடுக்கச் சொல்லியும் கேட்கலாம், சொந்தக்காரர்கள் பத்துப் பேர் ஒரே வீட்டில் தங்கும்போது உதவும்.

கிடாக்கறி கொஞ்சம் கஷ்டம்தான். காலையில் வெட்டி மத்தியானம் அண்டாவில் வேகிற கறி விறைப்பு விடாமல் இருக்கும், நல்ல பல்லுக்கே வேலை வைக்கும். சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிக் கொத்துக்கறி ஒரு பாத்திரம் போடச் சொல்லுங்கள், அல்லது கோலா உருண்டை. குழந்தைகளும் அதைத்தான் கேட்பார்கள், யாரும் அப்பாவுக்கென்று நினைக்க மாட்டார்கள். துண்டுக் கறியே வேண்டும் என்றால், ஒரு கிலோ தொடைக்கறியை நரம்பின் குறுக்கே ஒரு சென்டிமீட்டர் துண்டாக அரிந்து, இரண்டு மேசைக்கரண்டி பப்பாளிக்காய் விழுதில் அரை மணி நேரம் பிசறி வைத்து, குக்கரில் ஆறேழு விசில் விடலாம். அரை மணியைத் தாண்டினால் வெளிப்புறம் கூழாகிவிடும். ரத்தப் பொரியல் மெத்தென்று இருக்கும். ஈரலை ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிவிட்டால் நல்லது, விட்டால் ரப்பர். குடல் வேண்டாம். மிக முக்கியமானது எலும்புச் சில்லு. அண்ணம் மூடியிருப்பதால் நாக்குக்குத் தட்டுப்படாமல் நேரே தொண்டைக்குப் போய்விடும். கறியை விரலால் உதிர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாய்க்கு. மீனுக்கும் இதுவேதான். பொடிமுள் உள்ள மத்தியைத் தவிர்த்துவிட்டு வஞ்சிரமோ சுறாப்புட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பிட்ட பிறகு தாம்பூலத் தட்டு வரும். பாக்கு, புகையிலை கலக்காவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லேயே வகைப்படுத்திவிட்டது. உரலில் இடித்துக் கொடுத்தாலும் பாக்கு பாக்குதான். வெறும் வெற்றிலையைக் காம்பும் நடுநரம்பும் கிள்ளி, கொஞ்சம் சோம்புத்தூள் தூவி மடித்துக் கொடுங்கள்.

கடைசியாகப் பேச்சு. அண்ணத்தில் தடிப்பாக ஒன்று ஒட்டியிருப்பதால் ட, ண, ள, ழ எல்லாம் சில வாரம் குழறும், ஸவும் சவும் விசிலடிக்கும். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்" என்பதை தினமும் ராத்திரி பேரனோடு போட்டி போட்டுப் பத்து முறை சொல்லச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்கும் ழ தகராறுதான், இரண்டு பேரும் சமம். பொங்கலன்று பானையில் பால் பொங்கி வரும்போது வாயை அகலத் திறந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினால் மேல் செட் நழுவப் பார்க்கும். கத்துவதற்கு ஒரு நொடி முன்னால் பல்லை லேசாகக் கடித்து எச்சிலை விழுங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்ளும்.